பேட்டரியா, ஹைட்ரஜனா, செயற்கை எரிபொருளா, இல்லை குறைவாகப் பறப்பதா?

விமானத்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால், புறப்படும் முன் இறக்கைக்கு அடியில் நடப்பதை ஒருமுறை கவனியுங்கள். ஒரு வண்டி வந்து நிற்கும். ஒருவர் தடித்த குழாயைத் தூக்கி இறக்கையின் அடிப்பக்கம் மாட்டுவார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்து வண்டி கிளம்பிவிடும். ஏர்பஸ் ஏ320 அளவுள்ள விமானம் இரண்டு மணி நேரம் பறக்க ஏறத்தாழ 5 டன் எரிபொருள் ஆகும். ஒரு கிலோ ஜெட் எரிபொருளில் 12 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. கணக்குப் போட்டால், அந்தக் குழாய் வழியாக ஏறியது 60,000 யூனிட். கால் மணி நேரத்தில் இவ்வளவு என்றால் 240 மெகாவாட். ஒரு மின் நிலையம் தன் முழு பலத்தில் ஓடுவதற்குச் சமமான வேகம், ஒருவர் மாட்டிவிட்டுப் போன குழாயில்.

இந்தக் குழாய்க்கு மாற்று தேடுவதுதான் பிரச்சினையே. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு 2.5 சதவீதம் அளவில்தான் இருக்கிறது. 'இதற்கா இவ்வளவு பேச்சு?' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மின்சாரம், கார், சமையல் எல்லாவற்றுக்கும் மாற்று கண்ணுக்குத் தெரிகிறது, விமானத்துக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் குறைத்துக்கொண்டே வர, இது மட்டும் வளர்ந்துகொண்டே போனால் அந்த 2.5 அப்படியே நிற்காது.

2050-க்குள் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவது என்ற இலக்கை ஐ.நா.வின் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வில் நாடுகள் 2022-ல் ஏற்றுக்கொண்டன. முடிவெடுக்கும் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் பணத்துக்கும் எல்லை உண்டு, சுத்தமான மின்சாரத்துக்கும் எல்லை உண்டு. எதில் போடுவீர்கள்? ஒவ்வொரு வழியையும் மூன்று கேள்விகளால் உரசிப் பார்க்கிறேன். எப்போது கைக்கு வரும்? எவ்வளவு தூரம் பறக்கும்? பில் யார் கையில் போய்ச் சேரும்? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலான ஒப்பீடுகள் விட்டுவிடுகின்றன. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

பேட்டரி: கணக்கே தடுக்கிறது

கார் மாறியது போல விமானமும் மாறிவிடும் என்ற நம்பிக்கை பலருக்கு இருக்கிறது. அதே 5 டன் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். மின் மோட்டார் ஜெட் இன்ஜினை விட ஆற்றலை நன்றாகப் பயன்படுத்தும் என்பதால் 60,000-க்குப் பதில் 30,000 யூனிட் போதும் என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இன்றைய நல்ல லித்தியம் பேட்டரியில் கிலோவுக்குக் கால் யூனிட் சேமிக்க முடிகிறது. அப்படியானால் 120 டன் பேட்டரி வேண்டும். ஏ320நியோ, ஆட்கள், சாமான், எரிபொருள் எல்லாம் சேர்த்து எழும்பக்கூடிய அதிகபட்ச எடையே 79 டன்தான். அவசரத்துக்கான கையிருப்பை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எரிபொருள் எரிய எரிய விமானம் லேசாகிக்கொண்டே போகும். பேட்டரி காலியானாலும் அதே எடையோடுதான் தரையிறங்க வேண்டும். பேட்டரியின் திறன் இரு மடங்கானாலும் 60 டன். அப்போதும் இந்த விமானம் எழும்பாது.

அதற்காக மின் விமானமே இல்லை என்றில்லை. 2020-ல் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை வகைச் சான்றிதழ் கொடுத்த முதல் மின் விமானம் பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலக்ட்ரோ. இரண்டு பேர் உட்காரலாம், ஒரு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். விமானி ஆகப் பழகுபவர் ஒரே ஓடுதளத்தைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு அருமையான வண்டி. ஒன்பது பயணிகளுக்காக ஈவியேஷன் நிறுவனம் வடிவமைத்த ஆலிஸ் என்ற மின் விமானம், 2022 செப்டம்பரில் 8 நிமிடம் பறந்து காட்டியது. தீவிலிருந்து தீவுக்கு, மலைக்கு இந்தப்பக்கமிருந்து அந்தப்பக்கம் என்ற குட்டிப் பயணங்களுக்கு இது வரலாம், வரட்டும். ஆனால் அங்கே மிச்சமாவது கொஞ்சம்தான். ஐரோப்பிய விமான நிலையங்களிலிருந்து கிளம்பும் விமானங்களில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் போவது நூற்றுக்கு ஆறுதான். அந்த ஆறுதான் கரியமில வாயுவில் பாதியை விடுகிறது. பேட்டரி நோயாளியின் சுண்டுவிரலுக்கு வைத்தியம் பார்க்கிறது.

ஹைட்ரஜன்: எடையில் ஜெயித்து இடத்தில் தோற்கிறது

ஹைட்ரஜனிடம் எடைப் பிரச்சினை கிடையாது. கிலோவுக்குக் கிலோ, ஜெட் எரிபொருளைப் போல மூன்று மடங்கு ஆற்றல் அதில் இருக்கிறது. எரித்தால் வருவது தண்ணீர். பிரச்சினை அதை எங்கே வைப்பது என்பதில்தான். திரவமாக்க வேண்டுமானால் மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். அப்போதும் அதே ஆற்றலுக்கு நான்கு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இப்போதைய விமானங்கள் எரிபொருளை இறக்கைக்குள் வைத்திருக்கின்றன. குளிர் தாங்கும் உருளைத் தொட்டியை அந்த மெல்லிய இறக்கைக்குள் நுழைக்க முடியாது. உடல் பகுதியில்தான் வைக்க வேண்டும், அங்கே இருந்த இருக்கைகளை எடுக்க வேண்டும்.

இது புது யோசனை என்றும் நினைக்க வேண்டாம். 1988 ஏப்ரலில் சோவியத் யூனியனின் டுபோலேவ் டியூ-155 விமானம், மூன்று இன்ஜின்களில் ஒன்றைத் திரவ ஹைட்ரஜனில் ஓட்டிக்கொண்டே பறந்தது. அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2020-ல் ஏர்பஸ், 2035-க்குள் ஹைட்ரஜன் பயணிகள் விமானம் என்று அறிவித்தபோது உற்சாகம் திரும்பியது. 2025-ல் அந்தத் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். காரணங்களில் முக்கியமானது விமானத்துக்கு வெளியே இருக்கிறது. சுத்தமான மின்சாரத்தால் தயாரித்த பசுமை ஹைட்ரஜன் போதுமான அளவில் கிடைக்க வேண்டும். கிடைத்தாலும் கிளம்பும் ஊரில் மட்டும் இருந்தால் போதாது. இறங்கும் ஊரிலும் வேண்டும். வானிலை மோசமாகி வேறு எங்காவது திருப்பிவிட்டால் அங்கேயும் வேண்டும். ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் வந்தால் விமானம் செய்கிறோம், விமானம் வந்தால் நிலையம் கட்டுகிறோம் என்று இருதரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஒரு விமானம் சேவையில் சேர்ந்தால் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஓடும். 2040-களில்தான் ஹைட்ரஜன் விமானம் வரும் என்றால், 2050-ல் வானத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி பழைய வகையாகவே இருக்கும். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கலாம். இலக்கை இதன் தலையில் கட்ட முடியாது.

தாவர எண்ணெயும் பழைய எண்ணெயும்

அப்படியானால் மிச்சமிருப்பது விமானத்தை விட்டுவிட்டு எண்ணெயை மாற்றுவது. துறையில் இதை எஸ்.ஏ.எஃப்., அதாவது நீடித்த விமான எரிபொருள் என்கிறார்கள். இப்போது சந்தையில் இருப்பதில் பெரும்பாலானது பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு போன்றவற்றை ஹைட்ரஜன் சேர்த்துச் சுத்திகரித்தது. அதே இன்ஜின், அதே தொட்டி, அதே குழாய். இதன் பெரிய பலமே அதுதான். இப்போதைய தர விதிப்படி வழக்கமான எரிபொருளோடு பாதிக்குப் பாதி வரைதான் கலக்கலாம். காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. பழைய எரிபொருளில் உள்ள அரோமேட்டிக் என்ற சேர்மங்கள், விமானத்தின் ரப்பர் வளையங்களைச் சற்று உப்ப வைத்துக் கசிவைத் தடுத்துவந்தன. சுத்தமான எண்ணெயில் அவை இல்லை என்பதால் வளையம் சுருங்கிக் கசிந்துவிடுமோ என்ற பயம். சுத்தம் கூடிப்போனதே சிக்கல். ஆனால் 2023 நவம்பரில் வர்ஜின் அட்லாண்டிக்கின் போயிங் 787, லண்டனிலிருந்து நியூயார்க் வரை நூறு சதவீதமும் இந்த வகை எரிபொருளிலேயே போய்ச் சேர்ந்தது. ஆக, இன்ஜின் பக்கம் பெரிய தடை இல்லை.

தடை சரக்கில் இருக்கிறது. 2024-ல் உலகம் முழுவதும் உற்பத்தியானது சுமார் 10 லட்சம் டன். மொத்த ஜெட் எரிபொருளில் 0.3 சதவீதம். நூறு லிட்டருக்கு ஒரு பெரிய டம்ளர். உலகத்தில் வடை சுட்ட எண்ணெய் எவ்வளவு இருக்கும், சொல்லுங்கள்? அதே எண்ணெய்க்கு லாரிகளின் பயோடீசலும் போட்டி போடுகிறது. பழைய எண்ணெய்க்குப் புது எண்ணெயை விட விலை ஏறிவிட்டால், புதுப் பாமாயிலையே 'பழையது' என்று சீட்டு ஒட்டி விற்கும் ஆசை வராதா? ஐரோப்பாவில் இந்தச் சந்தேகம் சில ஆண்டுகளாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. கழிவு போதவில்லை என்று பயிருக்கே போனால், காடும் உணவு விளையும் நிலமும் கேள்விக்கு வந்துவிடும். அந்த நிலத்தை இழப்பவர் வாழ்நாளில் ஒருமுறைகூட விமானம் ஏறாதவராக இருக்கலாம்.

எனக்கு இது ஒரு இடைக்கால ஏற்பாடு. கழிவிலிருந்து வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதன் உச்சவரம்பு சீக்கிரம் தட்டும் என்று தெரிந்தே.

செயற்கை எரிபொருள்: எல்லாம் சரி, மின்சாரம்?

காற்றிலிருந்தோ ஆலைப் புகையிலிருந்தோ கரியமில வாயுவைப் பிடித்து, சுத்தமான மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து வந்த ஹைட்ரஜனோடு சேர்த்தால் ஜெட் எரிபொருளையே தயாரித்துவிடலாம். நிலம் பெரிதாக வேண்டாம், பழைய எண்ணெய் வேண்டாம், தூரத்துக்கும் எல்லை இல்லை. நடக்கிற காரியமா என்றால், நடக்கிறது. 2021 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மாட்ரிட் போன கே.எல்.எம். விமானம் ஒன்றின் எரிபொருளில் 500 லிட்டர் இப்படித் தயாரானது. அதே ஆண்டு ஜெர்மனியின் வெர்ல்ட்டே ஊரில் ஓர் ஆலை திறந்தார்கள். அதன் இலக்கு நாளுக்கு எட்டு பீப்பாய், அதாவது ஏறத்தாழ ஒரு டன். நம்முடைய இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அந்த ஆலை ஐந்து நாள் உழைக்க வேண்டும்.

இங்கேதான் நான் அதிக நேரம் நின்று யோசித்தேன். ஒரு கிலோ செயற்கை எரிபொருள் தயாரிக்க ஏறத்தாழ 25 யூனிட் மின்சாரம் ஆகும். உலகம் ஆண்டுக்கு எரிக்கும் ஜெட் எரிபொருள் சுமார் 30 கோடி டன். முழுவதையும் இப்படி மாற்ற, உலகத்தின் மொத்த மின் உற்பத்தியில் கால் பங்குக்குச் சமமான மின்சாரம் தேவை. அதுவும் புதிதாக, சுத்தமாக.

இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். ஒரு கிலோ ஜெட் எரிபொருளை எரித்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும். 25 யூனிட் செலவழித்து அதைத் தவிர்த்தால், யூனிட்டுக்கு மிச்சம் ஏறத்தாழ 125 கிராம். அதே ஒரு யூனிட்டை நிலக்கரி மின்சாரத்துக்குப் பதிலாகக் கொடுத்தால் மிச்சம் 900 கிராமுக்கும் மேல். ஏழு மடங்கு. நிலக்கரி ஓடிக்கொண்டிருக்கும் வரை, சுத்தமான மின்சாரத்தை ஜெட் எரிபொருளாக மாற்றுவது நல்ல அரிசியைக் கஞ்சிப் பசை காய்ச்சப் பயன்படுத்துவது போலத்தான்.

'அப்போ வேண்டாமா?' என்றால், அப்படியும் சொல்ல முடியவில்லை. இன்று ஆலை கட்டிப் பழகாவிட்டால் 2040-ல் தேவைப்படும்போது தொழில் தெரிந்தவர்களே இருக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இந்த விஷயத்தில் சரியாக யோசித்திருப்பதாக நினைக்கிறேன். விமான நிலையங்களில் கொடுக்கும் எரிபொருளில் மாற்று வகை 2025-ல் 2 சதவீதம், 2030-ல் 6, 2050-ல் 70 என்று படிப்படியாக ஏற்றுகிறது. அதற்குள்ளேயே செயற்கை எரிபொருளுக்கென்று 2030-லிருந்து 1.2 சதவீதம் ஒதுக்கி, 2050-ல் 35 ஆக்குகிறது. சின்னதாகத் தொடங்கு, ஆனால் கட்டாயம் தொடங்கு.

விலை? விமான நிறுவனத்தின் செலவில் எரிபொருள் மட்டும் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. எரிபொருள் நான்கு மடங்கு விலையானால், மற்ற செலவு மாறாவிட்டாலும் டிக்கெட் கிட்டத்தட்ட இரு மடங்காகும். டிக்கெட் இரு மடங்கானால் கூட்டம் குறையும். தொழில்நுட்ப வழியைத் தேர்ந்தெடுத்தால் பறப்பதைக் குறைக்க வேண்டாம் என்றுதான் விளம்பரங்கள் சொல்கின்றன. செயற்கை எரிபொருளைத் தேர்ந்தெடுத்த அன்றே யார் பறப்பது, யார் பறக்காமல் இருப்பது என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டோம். சொல்லாமல் செய்கிறோம், அவ்வளவுதான்.

வானத்தில் விழும் வெள்ளைக் கோடு

சத்தமில்லாமல் ஓரமாக நிற்கும் ஒரு வழி இருக்கிறது. விமானம் போன பின் வானத்தில் வெள்ளைக் கோடு விழுமே, அது வெறும் அழகு கிடையாது. குளிரும் ஈரமும் கூடிய காற்றுப் படலத்தில் அந்தப் பனித்துகள் கோடு மணிக்கணக்கில் நின்று, பரவி, மெல்லிய மேகமாகிவிடும். பூமியிலிருந்து மேலே போகும் வெப்பத்தை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. குறிப்பாக இரவில், திருப்பி அனுப்பச் சூரிய ஒளி இல்லாத நேரத்தில், கேடு மட்டுமே மிஞ்சுகிறது. இப்படிக் கோடுகளால் வரும் வெப்பம், விமானங்களின் கரியமில வாயுவால் வரும் வெப்பத்தோடு ஒப்பிடும் அளவுக்கே இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ஆச்சரியம் என்னவென்றால், எல்லா விமானமும் இதைச் செய்வதில்லை. ஜப்பான் வான்வெளியை வைத்து 2020-ல் வந்த ஓர் ஆய்வில், நூற்றுக்கு இரண்டு சொச்சம் விமானங்களே கோடுகளால் வரும் வெப்பத்தில் 80 சதவீதத்துக்குக் காரணமாக இருந்தன. அந்த விமானங்கள் கொஞ்சம் மேலேயோ கீழேயோ பறந்தாலே போதும். 2023-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் கூகுளும் சேர்ந்து 70 பயணங்களில் முயன்று, கோடுகளைப் பாதிக்கு மேல் குறைத்தன. உயரம் மாற்றிய பயணங்களில் எரிபொருள் 2 சதவீதம் கூடியது.

புது விமானம் வேண்டாம், புது எண்ணெய் வேண்டாம். வேண்டியதெல்லாம் நல்ல ஈரப்பத முன்னறிவிப்பும், விமானக் கட்டுப்பாட்டு அறையின் ஒத்துழைப்பும். ஏற்கெனவே நெரிசலான வான்பாதையில் 'கொஞ்சம் கீழே இறங்கிக்கொள்கிறேன்' என்று விமானி கேட்டால் கட்டுப்பாட்டாளருக்குத் தலைவலிதான். கூடுதல் எரிபொருளுக்கு நிறுவனம் காசு கொடுக்கிறது, அதற்குப் பதிலாக ஒரு நயா பைசா வருவதில்லை. அதனால்தான் இது ஓரமாக நிற்கிறது. கரியமில வாயு நூற்றாண்டுகள் தங்கும், கோடு சில மணி நேரம்தான் தங்கும், இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது நியாயமான வாதம். ஆனாலும் செலவு இவ்வளவு குறைவாக, பலன் இவ்வளவு சீக்கிரம் வரும் வேறு வழி இந்த வரிசையில் எனக்குத் தென்படவில்லை.

சின்னச் சின்ன மிச்சங்கள்

தலைமுறைக்குத் தலைமுறை விமானங்கள் 15, 20 சதவீதம் குறைவாக எரிக்கின்றன. நல்லது, தொடரட்டும். ஆனால் போக்குவரத்து அதை விட வேகமாக வளர்ந்துவந்திருக்கிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. மரம் நட்டு ஈடுகட்டுவதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சர்வதேசப் பயணங்களுக்கான 'கார்சியா' என்ற ஈடுகட்டும் திட்டம் 2016-ல் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன் கணக்கில் எண்கள் குறையலாம், ஆனால் குழாய் வழியே ஏறும் எரிபொருளில் ஒரு சொட்டும் குறையாது.

குறைவாகப் பறப்பது: யார்?

உலக மக்கள்தொகையில் 2018-ல் விமானம் ஏறியவர்கள் பத்தில் ஒருவர் அளவில்தான் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். உலகில் ஒரு சதவீதம் பேர்தான் பயணிகள் விமானங்களின் வெளியேற்றத்தில் பாதிக்குக் காரணம் என்றும் அதே ஆய்வு சொன்னது. 'எல்லோரும் குறைத்துக்கொள்வோம்' என்ற வாசகத்தில் அந்த 'எல்லோரும்' யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

தடை ஒரு வழி. பிரான்ஸ், இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிகிற ஊர்களுக்கு விமானத்தை 2023-ல் நிறுத்தியது. பாரிஸின் ஆர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, லியோன், நாந்த் என்று மூன்று தடங்கள்தான் அடிபட்டன. பார்வைக்குக் கம்பீரம், பலனில் பலவீனம். புகை அதிகம் வருவது தூரப் பயணங்களில் என்று மேலேயே பார்த்தோமே.

வரி இன்னொரு வழி. ஒரு நாட்டிலிருந்து விமானத் தொட்டியிலேயே வந்து சேரும் எரிபொருளுக்கு வரி போடக் கூடாது என்பது 1944 சிகாகோ உடன்படிக்கை. புதிதாக நிரப்புவதற்கும் வரி இல்லாதபடி நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தங்கள் போட்டுக்கொண்டன. காரில் ஊற்றும் எண்ணெய்க்கு வரி, கண்டம் தாண்டும் எண்ணெய்க்கு விலக்கு. டிக்கெட்டின் மேல் ஒரே அளவு வரி போட்டாலும் கோளாறுதான். கடல் கடந்து வேலைக்குப் போய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிள்ளையைப் பார்க்க வருபவரும், வாராவாரம் கூட்டத்துக்குப் பறப்பவரும் ஒரே தொகையைக் கட்ட வேண்டியிருக்கும். முன்னவருக்கு அது ஒரு பயணத்தையே தள்ளிப்போட வைக்கும். பின்னவருக்கு அது கம்பெனிக் கணக்கு.

அதனால் எனக்குப் பிடித்தது ஏறுவரிசை வரி. வருடத்தின் முதல் பயணத்துக்கு வரியே வேண்டாம், இரண்டாவதுக்குக் கொஞ்சம், பத்தாவதுக்கு நன்றாக உறைக்கும்படி. யார் எத்தனை முறை பறந்தார்கள் என்று அரசு கணக்கு வைக்க வேண்டும், அது தனிமனித விவரங்களைத் துழாவுவது ஆகாதா என்ற எதிர்ப்பு உண்டு. ஆனால் அடிக்கடி பறப்பவரை எண்ணிப் பரிசுப் புள்ளி கொடுக்க நிறுவனங்களுக்கு எந்தச் சிரமமும் இல்லையே! எண்ணத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

என் முடிவு

நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் முதல் கையெழுத்து வெள்ளைக் கோடுகளுக்கு. கட்டுப்பாட்டு அறைக்கும் முன்னறிவிப்புக்கும் பணம் கொடுத்து, உயரம் மாற்றும் நிறுவனத்துக்கு அந்தக் கூடுதல் எரிபொருளின் விலையைத் திருப்பிக் கொடுப்பேன். இரண்டாவது, ஏறுவரிசை வரி. அந்தப் பணம் நேராகச் செயற்கை எரிபொருள் ஆலைகளுக்குப் போக வேண்டும். அப்போது புது எரிபொருளின் விலையை அதிகம் பறப்பவர் சுமப்பார். பழைய எண்ணெய்க்குக் கண்டிப்பான தணிக்கை, பயிர் எண்ணெய்க்கு அனுமதி இல்லை. ஹைட்ரஜனுக்கு ஆராய்ச்சிப் பணம் உண்டு, அதை நிரப்பும் நிலையங்கள் கட்டப் பணம் இப்போதைக்கு இல்லை. பேட்டரியை அதன் தீவுகளோடு விட்டுவிடலாம், அது தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

இந்த வரிசையில் எனக்கே உறுத்தும் இடம் ஒன்று உண்டு. நிலக்கரி மூடும் வரை செயற்கை எரிபொருள் ஆலைக்கு எத்தனை யூனிட் கொடுப்பது? 1.2 சதவீதம் என்பதை நான் ஏற்கிறேன். ஐந்து சதவீதம் என்று யாராவது கோப்பு ஒன்றை நீட்டினால், அந்த மின்சாரம் எந்த ஊர் நிலக்கரி நிலையத்தை மூடியிருக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பேன்.